சப்லைம்: சாவு எழுதாத பாடல்கள்

1996 யூலை 30இல் வெளியான 'சப்லைம்' இசைத்தட்டின் அட்டையில் பாடகரின் முகம் இல்லை. குழுவின் பெயரைப் பச்சை குத்திய முதுகு மட்டுமே தெரிகிறது. அம்முதுகுக்குரிய பிராட்லி நோவெல் இரண்டு மாதங்களுக்கு முன்பே, மே 25இல், சான் பிரான்சிஸ்கோவின் ஒரு மோட்டல் அறையில் அளவு மீறிய ஹெரோயினால் இறந்துபோயிருந்தார். வயது 28. திருமணமாகி ஒரு வாரம். மகனுக்கு ஒரு வயதுகூட நிரம்பவில்லை. அமெரிக்காவில் மட்டும் 50 இலட்சம் பிரதிகளுக்கு மேல் விற்ற இந்த இசைத்தட்டை, அன்றுதொட்டு அந்தச் சாவின் வழியாகவே பலரும் கேட்டு வருகிறார்கள். அப்படிக் கேட்பது சரிதானா என்பதே நாம் எழுப்பும் கேள்வி.

1991இல் லொல்லாபலூசா தொடங்கியபோது மாற்று றொக் இசை தனக்கென ஒரு ஊர்சுற்றும் திருவிழாவைப் பெற்றது. பேருந்தில் நீளும் பகல்கள், மேடையில் சில பாடல்கள், மிச்ச நேரமெல்லாம் காத்திருப்பு. 1995இல் 'வார்ப்ட்' விழாப் பயணத்திலிருந்து சப்லைம் குழு, அடாவடிக்காகவும் நோவெலின் நாய் ஆட்களைக் கடித்ததற்காகவும், ஒரு வாரம் விலக்கி வைக்கப்பட்டது. அது இன்றும் வேடிக்கைக் கதையாகவே சொல்லப்படுகிறது. எல்லாவற்றுக்கும் மாற்றுத் தேடிய இந்த இசை, 'கலைஞன் எரிந்து அழியவேண்டும்' என்ற பழைய கற்பனையை மட்டும் மாற்றவில்லை. 1994இல் ஹோல் குழுவின் கிறிஸ்ரன் பாஃப், 1995இல் பிளைன்ட் மெலனின் ஷனன் ஹூன், 1996இல் நோவெல் என்று போதை கொண்டுபோனவர்களின் வரிசை நீண்டது.

பாடல்களுக்கு வருவோம். இவற்றில் பல ரெக்சாஸில், ஒஸ்ரின் நகருக்கு அருகிலுள்ள பெடர்னலஸ் ஒலிப்பதிவுக்கூடத்தில் பதிவாயின. நோவெலின் நிலை மோசமானதால், வேலை முடியுமுன்னரே அவர் வீட்டுக்கு அனுப்பப்பட்டார். ஹெரோயின் செய்தது இதுதான். அது பாடல் எழுதவில்லை. பாடகரைப் பாட்டிலிருந்து வெளியேற்றியது. பாடல்களை ஆக்கியவை வேறு: யமேய்க்காவின் றெகேயும் ஸ்காவும், பங்கின் அவசரம், லோங் பீச் தெருக்களின் பேச்சு, இவற்றையெல்லாம் முரணில்லாமல் ஒரே மூச்சில் பாடிய இனிமையான குரல். 1992இன் லொஸ் ஏஞ்சலிஸ் கலவரத்தைக் கொள்ளையடித்தவனின் வாயாலேயே சொல்லும் பாடலில் அந்தத் துணிச்சல் முழுதாக வெளிப்படுகிறது.

குறையும் உண்டு. 'ரோங் வே' பாலியல் தொழிலுக்குத் தள்ளப்பட்ட ஒரு சிறுமியின் கதையைத் துள்ளல் மெட்டில் சொல்கிறது. அந்த மெட்டு இரக்கமா, கூத்தா என்று கேட்கவேண்டும். இறந்தவர் என்ற மரியாதை இக்கேள்வியை வாயடைக்கச் செய்துவிடுகிறது. சாவு விமர்சனத்தையும் சேர்த்தே கொல்கிறது.

நாம் இதற்கு நேரெதிரானவர்கள். புலம்பெயர்ந்த எம் வீடுகளில் மதுவாலோ போதையாலோ ஒருவர் போனால் 'திடீர் மாரடைப்பு' என்கிறோம். அவர்கள் காவியமாக்குகிறார்கள், நாம் மறைக்கிறோம். பிழைத்திருக்கக்கூடிய மனிதன் இரண்டிலும் காணாமற்போகிறான். நியூ ஜேர்சியிலும் சான் பிரான்சிஸ்கோ வளைகுடாப் பகுதியிலும் இவ்விழாக்களுக்குப் போகும் கூட்டத்தில் எம் பிள்ளைகளும் உண்டு. சிறிதுகாலம் விட்டிருந்தவர் மீண்டும் பழைய அளவை எடுத்தால் உடல் தாங்காது என்பதும், நலொக்சோன் நின்றுபோகும் மூச்சைச் சில நிமிடங்களில் மீட்கும் என்பதும், மூக்கில் அடிக்கும் அம்மருந்தை மருத்துவரின் சீட்டின்றி விற்க அமெரிக்கா 2023இல் அனுமதித்தது என்பதும் எம் வீடுகளில் பேசப்படவேண்டியவை.

2024இல் கோச்செல்லா விழா மேடையில் சப்லைம் மீண்டும் பாடியது. தந்தையின் இடத்தில் நின்றவர் மகன் ஜேக்கப் நோவெல். தாமும் போதையிலிருந்து மீண்டதை வெளிப்படையாகப் பேசியவர். பாடல்கள் எதையும் இழக்கவில்லை. அவற்றுக்கு ஒரு சாவு ஒருபோதும் தேவைப்பட்டிருக்கவில்லை.