பண்ணும் கண்ணோட்டமும்

ஒருவர் 'முகாரி பாடுகிறார்' என்றால், அவர் ஓயாது புலம்புகிறார் என்று பொருள். இராகத்தின் நெற்றியில் ஓர் உணர்வை முத்திரையாகக் குத்திவிடும் வழக்கம் நம் பேச்சிலேயே ஊறிக் கிடக்கிறது. முகாரி என்றால் அழுகை; நீலாம்பரி என்றால் தாலாட்டு. மேனாட்டிசையை ஓரளவு கற்றவர்கள் இதை இன்னும் சுருக்கி, மேஜர் என்றால் மகிழ்ச்சி, மைனர் என்றால் சோகம் என்பர். பக்திப் பாடல் இயற்றுவோர் பலரும் இன்று இந்த ஒற்றை வரி இலக்கணத்தை நம்பியே கீபோர்டின் முன் அமர்கின்றனர். இவ்விலக்கணம் எவ்வளவு தூரம் உண்மை என்று உரைத்துப் பார்ப்பது நல்லது.

இதில் உண்மையே இல்லை என்று தள்ளிவிட முடியாது. ஆர்மோனியத்தின் கறுப்புக் கட்டைகளை மட்டும் எடுத்துக்கொள்வோம். மூன்றாகச் சேர்ந்து நிற்பவற்றுள் முதற்கட்டையைச் சட்சமாகக் கொண்டு ஐந்தையும் வாசித்தால் மோகனம் பிறக்கும். அடுத்த கட்டையைச் சட்சமாக்கினால் மத்தியமாவதி, அதற்கடுத்தது இந்தோளம். இரண்டாகச் சேர்ந்து நிற்பவற்றுள் முதலாவதிலிருந்து சுத்த சாவேரி. இரண்டாவதிலிருந்து சுத்த தன்யாசி. கட்டைகள் அதே ஐந்துதாம். தங்கும் இடம் மட்டுமே மாறுகிறது. அதற்குள் மோகனத்தின் மலர்ச்சி இந்தோளத்தின் ஆழ்ந்த அமைதியாகிவிடுகிறது. பண்ணுப் பெயர்த்தல் என்று பழந்தமிழர் கண்ட முறை இதுவே. உணர்வு தனிச் சுரத்தில் இல்லை. ஆதாரச் சுரத்தோடு பிற சுரங்கள் கொள்ளும் உறவில் இருக்கிறது என்பதற்கு இதைவிட எளிய சான்று வேண்டியதில்லை.

ஆயினும் அவ்வுறவு ஒரே உணர்வையே தரும் என்று சட்டம் வகுப்பது பிழை. பிளேட்டோ தம் 'குடியரசு' நூலில் புலம்பலுக்கும் சோம்பலுக்கும் உரியவை எனச் சில சுரவரிசைகளை நாடு கடத்தி, டோரியன், பிரிஜியன் என்னும் இரண்டை மட்டுமே ஏற்றார். இடைக்காலத் திருச்சபை இசைவாணர் அதே கிரேக்கப் பெயர்களை வேறு சுரவரிசைகளுக்குச் சூட்டினர். பெயர் இடம் மாறிய பின்னும், ஒவ்வொன்றுக்கும் ஒரு குணம் உண்டென்று எழுதுவதை ஏட்டாசிரியர்கள் நிறுத்தவில்லை. அக்குணங்களுள் எவ்வளவு செவியிலிருந்து வந்தது, எவ்வளவு ஏட்டிலிருந்து வந்தது என்னும் ஐயம் இங்கே எழுகிறது.

கிரகோரியன் இசையே இதற்கு விடை தருகிறது. இறுதித் தீர்ப்பின் அச்சத்தைப் பாடும் 'தியேஸ் இரே' முதலாம் பண்முறையைச் சார்ந்தது. 1970-இல் வெளிவந்த புதிய திருப்பலி நூல் வரும்வரை இறந்தோர் திருப்பலியில் அது ஒலித்தது. உயிர்ப்புப் பெருவிழாவில் வெற்றி முழக்கமாகப் பாடப்படும் 'விக்திமே பஸ்காலி' என்னும் தொடர்பாடலும் அதே முதலாம் பண்முறையில் அமைந்ததுதான். இன்றைய கணக்கில் இரண்டுமே மைனர் சாயல் உடையவை. மாறாக, உடலைக் கல்லறைக்கு எடுத்துச் செல்லும்போது பாடும் 'இன் பாரதீசும்' ஏழாம் பண்முறையில், மேஜர் சாயலோடு ஒலிக்கிறது. பாஸ்காவுக்கு மைனர், அடக்கத்துக்கு மேஜர்! நம் ஒற்றை வரி இலக்கணம் இங்கே தலைகீழாகிறது. அப்பாடல் வானவர் இறந்தவரை விண்ணக இல்லத்துக்கு அழைத்துச் செல்ல வேண்டும் என்று மன்றாடுகிறது. அதை அமைத்தவர் சுற்றி நிற்போரின் கண்ணீரைக் காட்டிலும் அந்த நம்பிக்கைக்கே செவிசாய்த்தார்.

இன்னொரு சான்று. 1601-இல் ஹான்ஸ் லியோ ஹாஸ்லர் என்னும் செருமானியர் ஒரு காதல் பாடலை வெளியிட்டார். சில பத்தாண்டுகளுக்குள் அதன் மெட்டு, முள்முடி தாங்கிய ஆண்டவரின் திருமுகத்தைப் போற்றும் பாடலுக்கு உரியதாயிற்று. பின்னர் பாக் தம் மத்தேயு பாடுகளின் இசையில் அதையே திரும்பத் திரும்பக் கையாண்டார். சுரங்கள் மாறவில்லை. துள்ளிய நடை சீராகி மெதுவாயிற்று, சொல் மாறிற்று, கூடி ஒலிக்கும் குரல்கள் மாறின. காதலின் தவிப்பு சிலுவையடியின் தவிப்பாயிற்று.

முகாரிக்கும் இவ்வுரிமை உண்டு. தியாகராசர் சபரி பெற்ற பேற்றை வியந்து பாடிய 'எந்தனினே' என்னும் கீர்த்தனை முகாரியில்தான் அமைந்துள்ளது. அங்கே முகாரி அழவில்லை, நெகிழ்கிறது. சுரவரிசை நமக்குக் கொடுப்பது ஒரு நிலம். அதில் என்ன விளையும் என்பதை நடையும் கமகமும் சொல்லுமே முடிவு செய்கின்றன.

இந்தக் கமகத்தைத்தான் நம் ஒலிப்பதிவுக் கூடங்கள் பெரிதும் இழந்துவிட்டன. எண்மத்தைப் பன்னிரண்டு சமக் கூறுகளாக்கிய கீபோர்டில் ஒவ்வொரு சுரமும் தன் கட்டையில் அசையாது நிற்கிறது. தோடியின் காந்தாரமோ அசைவிலேயே உயிர் வாழ்கிறது. இக்குறை பற்றியே 1940-இல் அகில இந்திய வானொலி ஆர்மோனியத்தை விலக்கியது. 1997-இல் வந்த ஆட்டோ டியூன் என்னும் கருவி இன்னும் ஒரு படி சென்றது. சுரவரிசையைத் தேர்ந்து கொடுத்துவிட்டால், பாடும் குரலையே அருகிலுள்ள சுரத்துக்கு அது இழுத்து நிறுத்தும். அளவின்றிக் கையாண்டால் பிழையோடு குழைவும் போய்விடும். குழைவு போன இடத்தை நிரப்ப, வயலின்களின் கூட்டொலியும் எதிரொலியும் தேவைப்படுகின்றன. உணர்வு உள்ளிருந்து ஊறாதபோது வெளியிலிருந்து பூசப்படுகிறது.

தவக்காலப் பாடல்களில் இதன் விளைவை நன்கு காணலாம். மைனர் சுரவரிசை, மெதுவான தாளம், விம்மும் பின்னிசை என்று ஒரே அச்சில் பல வார்க்கப்படுகின்றன. இவற்றைப் பாடும் இறைமக்கள் மனம் வருந்தி இறைவன்பால் திரும்புவதற்குப் பதிலாகத் தம்மீதே இரக்கம் கொள்ளப் பழகிவிடும் ஆபத்து உண்டு. குருத்து ஞாயிறன்று நாம் பாடும் 22ஆம் திருப்பாடலைப் பாருங்கள். கைவிடப்பட்டோனின் கதறலில் தொடங்கி, மாபெரும் சபையின் நடுவே எழும் புகழ்ச்சியில் அது முடிகிறது. தொடக்கம் முதல் இறுதிவரை அழும் மெட்டு, அத்திருப்பாடலின் பாதியை மட்டுமே பாடுகிறது. கதறலைச் சுத்த தன்யாசியில் தொடங்கி, அதே ஐந்து கட்டைகளிலேயே தங்குமிடத்தை மாற்றிப் புகழ்ச்சியை மோகனத்தில் முடிக்கலாமே! கீபோர்டும் அதற்கு இடங்கொடுக்கும். குறை கருவியில் மட்டும் இல்லை.

மறைபரப்பு நாடுகளின் மக்களுக்கு உரிய இசை மரபை மதித்துப் பேண வேண்டும் என்று இரண்டாம் வத்திக்கான் சங்கம் 1963-இல் திருவழிபாடு பற்றிய ஏட்டில் கூறியது. அதற்கு நெடுநாள் முன்பே, 1917-இல், தஞ்சை ஆபிரகாம் பண்டிதர் 'கருணாமிர்த சாகரம்' என்னும் பெருநூலில் தமிழரின் சுரக்கணக்கை ஆராய்ந்து வைத்தார். கருவூலம் நம் வீட்டிலேயே இருக்கிறது. திறக்கும் பொறுமைதான் வேண்டும்.

பாடலோடு இயையாத பண்ணால் என்ன பயன் என்று வள்ளுவர் கேட்டார். அவர் அதை இசை பற்றிய அதிகாரத்தில் கேட்கவில்லை. கண்ணோட்டம் என்னும் அதிகாரத்தில், இரக்கமற்ற கண்ணுக்கு உவமையாகக் கேட்டார். பாடலின் பொருளையும் அதைப் பாடப்போகும் எளியோரின் நெஞ்சையும் பரிவோடு நோக்கத் தெரிந்தவரே பண்ணைத் தேர்ந்தெடுக்கத் தகுதியுடையவர். மேஜரா, மைனரா என்னும் கேள்வி அதன் பிறகு எழட்டும்.