ஸ்கொத்லாந்துக் குலக்கதைகளும் சுவைஞர் கடனும்

வரலாற்றுக் காதற் புனைகதைகளைப் பற்றிப் பேசப் புகுந்தால் கற்றோர் அவையிலே இருவகை எதிர்ப்பு எழுவதுண்டு. வரலாறு பயில்வோர், அவை வரலாற்றைத் திரிக்கின்றன என்பர். இலக்கியம் பயில்வோர், அவை பொழுதுபோக்கின் பொருட்டு எழுந்தவை, ஆராய்ச்சிக்கு உரியன அல்ல என்பர். இவ்விரு சாராருள்ளும் அவற்றை மறைவாகவேனும் படித்து மகிழ்ந்தோர் பலர் உளர். படிக்கும்போது மகிழ்ந்து, பேசும்போது பழிப்பது நேர்மையான திறனாய்வு ஆகாது. மகிழ்ச்சி பிறந்ததெனில் அஃது எதனாற் பிறந்தது, அம்மகிழ்ச்சி எத்தகையது என்று உசாவுவதே முறை. இவ்வுசாவலுக்கு ஸ்கொத்லாந்தின் மலைநாட்டுக் குலங்களைப் பொருளாகக் கொண்ட கதைகள் மிகவும் ஏற்றவை. ஏனெனில், இவ்வகைக் கதைகள் தரும் இன்பத்தின் அடியில் உண்மையான ஒரு மக்கட் கூட்டத்தின் அழிவு கிடக்கின்றது.

குலம் என்று யாம் இங்கே குறிக்கும் சொல்லுக்கு, அம்மலைநாட்டாரின் கேலிக் மொழியிலே பிள்ளைகள் என்பது பொருள். தலைவன் தந்தை, குலத்தார் அவன் மக்கள். நிலம் எழுத்தளவில் தலைவனுடையதாயினும், அதிலே வாழும் உரிமை வழிவழியாகத் தமக்கும் உண்டென்று குலத்தார் நம்பினர். அவன் அழைத்தபோது வாளேந்தி வந்தனர்; அவன் அவர்களைக் காத்தான். 1745ஆம் ஆண்டு இளவரசர் சார்ள்ஸ் எட்வேட், தம் முன்னோர் இழந்த முடியை மீட்கவென்று கிளென்பினன் என்னுமிடத்திற் கொடியுயர்த்தியபோது குலத்தலைவர் சிலர் அவர் பக்கம் நின்றனர். வேறு சிலர் அரசின் பக்கம் நின்றனர். அவர் படை இங்கிலாந்தின் டார்பி நகர் வரை சென்று திரும்பியது. 1746 ஏப்ரில் 16ஆம் நாள் கலொடன் வெளியிலே ஒரு மணி நேரத்துக்குள் யாவும் முடிந்தன. அதன்பின் சட்டங்கள் வந்தன. படைக்கலம் தாங்குதல் தடுக்கப்பட்டது. ஆடவர் மலைநாட்டு உடை அணிதல் குற்றமாயிற்று. தலைவர்களின் பரம்பரை நீதியதிகாரம் பறிக்கப்பட்டது. உடைத் தடை நீங்கியது 1782இலே தான்.

இவ்வரலாற்றை நவீனமாக்கும் வழியை உலகுக்குக் காட்டியவர் சேர் வால்ற்றர் ஸ்கொற். அவர் தம் பெயர் சுட்டாது 1814 யூலையில் வெளியிட்ட ‘வேவர்லி’ என்னும் நூலே இத்துறைக்கு அடிகோலியது. எட்வேட் வேவர்லி என்னும் ஆங்கில இளைஞன், நூல்கள் பல படித்துக் கனவு மிகுந்தவன், அரசப் படையின் அதிகாரியாக வடக்கே செல்கின்றான். பேர்கஸ் மக்-ஐவர் என்னும் குலத்தலைவனின் வீரமும் அவன் தங்கை புளோறாவின் அழகும் அவனைக் கவர்கின்றன. கிளர்ச்சியிற் சேர்கின்றான், பின் தெளிவு பெற்று மீள்கின்றான். ஸ்கொற்றின் உத்தி இங்கேயே விளங்குகின்றது. கதைத் தலைவன் அந்நிலத்தான் அல்லன். அவன் எம்மைப் போலப் புதியவன். மலையை அவன் வியக்கும்போது யாமும் வியக்கின்றோம். அவன் தப்பும்போது யாமும் தப்புகின்றோம். சுவைஞனுக்கு இடரின்றி இடரின் இன்பத்தை நல்கும் வழி இது.

இவ்வழி குறையுடையதன்றோ எனின், குறையுடையதே. ஆயின் ஸ்கொற் அக்குறையை அறிந்திருந்தார் என்பதே எமது துணிபு. நூலின் இறுதியிலே ஓர் ஓவியம் வருகின்றது. பேர்கசும் வேவர்லியும் மலைநாட்டு உடையில் நிற்க, பின்னே குலத்தார் கணவாய் வழியே இறங்கி வருவதாகத் தீட்டப்பட்ட பெரிய ஓவியம். அஃது உணவறையிலே மாட்டப்பட்டிருக்கின்றது. அதனருகே வேவர்லி ஏந்திய படைக்கலங்கள் தொங்குகின்றன. விருந்தினர் அதனைக் கண்டு பாராட்டுகின்றனர். ஓவியத்திலுள்ள இருவருள் ஒருவன் மணமகனாய் விருந்துண்கின்றான். மற்றவன் கார்லைல் நகரிலே கொலைத் தண்டனை பெற்று மாண்டுவிட்டான். தோல்வியுற்றோரின் துயரம் வென்றோரின் சுவரில் அழகுப் பொருளாகிவிட்டது. தம் நூலும் அத்தகைய ஓவியமே என்பதை ஸ்கொற் உணர்ந்தே இதனை அமைத்தார் என்று கொள்ள இடமுண்டு.

அவ்வோவியத்தில் முகம் பெறாத ஒருவனை நூல் மறக்கவில்லை என்பது அதன் பெருமை. அவன் ஈவன் டூ, பேர்கசின் பணியாளன். தலைவனுடன் தானும் குற்றவாளிக் கூண்டில் நிற்கும்போது, தலைவனை விடுவித்தால் அவனுக்கு ஈடாகக் குலத்தாருள் அறுவர் உயிர் தருவர் என்றும், அவர்களைத் தானே சென்று அழைத்து வருவதாகவும், முதலில் தன்னையே தூக்கிலிடலாம் என்றும் நீதிமன்றத்துக்குக் கூறுகின்றான். அவையோர் நகைக்கின்றனர். அவன் அந்நகைப்பைப் பொருள் பிரித்து நோக்குகின்றான். ஏழைகள் அறுவரின் உயிர் ஒரு தலைவனின் உயிருக்கு ஈடாகாதென்று நகைத்தால் அது பொருந்தலாம். சொன்ன சொற்படி மீண்டு வரமாட்டான் என்று நகைத்தால் அவர்கள் மலைநாட்டானின் நெஞ்சை அறியாதவர் என்கின்றான். அவை அடங்குகின்றது. பெருமிதமும் அழுகையும் ஒருங்கே தோன்றும் இவ்விடம் நூலின் உயிர்நிலை. இங்கே குலப்பற்றின் மாண்பும் தெரிகின்றது. அதன் கொடுமையும் தெரிகின்றது. ஆறு ஏழையர் உயிரை ஒரு தலைவனுக்கு ஈடாக ஓர் ஏழையே மதிப்பிடும் உலகம் அது. அவ்வுலகை வியக்கவும் அதற்கு நாணவும் ஒரே காட்சியில் எம்மைச் செய்தவர் ஸ்கொற்.

புளோறாவிடத்து அவர் அத்துணை நேர்மையாக நடந்தார் என்று கூறல் இயலாது. தமையனைக் கிளர்ச்சிக்குத் தூண்டிய தன் மனவுறுதியே அவனைக் கொன்றது என்று அவள் தன்னைத் தானே பழித்துக்கொள்ளும் பகுதி உள்ளத்தை உருக்குவது. ஆயினும் கதை அவளைப் பாரிஸ் நகரக் கன்னிமடம் ஒன்றுக்கு அனுப்பிவிட்டு, சாந்தமே உருவான றோஸ் என்பாளை வேவர்லிக்கு மணம் முடிக்கின்றது. கொள்கையுடைய பெண்ணுக்கு ஸ்கொற்றின் இல்லத்தில் இடமில்லை. இக்குறையைப் பிற்காலத்தார் எவ்வாறு தீர்க்க முயன்றனர் என்பதைப் பின்னர்க் காண்போம்.

1817ஆம் ஆண்டின் இறுதியில் வெளிவந்த ‘றொப் றோய்’, 1715ஆம் ஆண்டுக் கிளர்ச்சிக் காலத்தைச் சார்ந்தது. மக்கிரேகர் என்னும் பெயரைத் தாங்குவதே 1603 முதல் பல காலம் குற்றமாயிருந்தது. அத்தடை முற்றாக நீங்கியது 1774இலே. அவ்வாறு பெயரிழந்த குலத்தவனே றொப் றோய். எனினும் எம் உள்ளத்தில் நிலைப்பவர் கிளாஸ்கோ வணிகரான நிக்கல் யார்வி. மலைநாட்டில் மக்கள் தொகை எத்துணை, வேலை எத்துணை என்று கணக்கிட்டு, உழைக்க வழியற்ற கூட்டம் களவிலும் கிளர்ச்சியிலும் இறங்குவதன் காரணத்தை அவர் விளக்குகின்றார். அபர்போயில் விடுதிச் சண்டையிலோ, உறையிலிருந்து வராத வாளைக் கைவிட்டு, அடுப்பிற் பழுக்கக் காய்ந்த கலப்பைக் கொழுவை எடுத்துப் போர் செய்கின்றார். காதற் கதையின் நடுவே பொருளியலையும் நகைச்சுவையையும் ஒருவர் வாயிலாகவே வைத்தது ஸ்கொற்றின் ஆற்றல். அதே நூலில், றொப் றோயின் மனைவி கட்டளையிட, மொறிஸ் என்னும் அஞ்சிய மனிதன் உயிருக்காகக் கெஞ்சக் கெஞ்ச ஏரியில் எறியப்படுகின்றான். வீரத்தை வியந்துவந்த நெஞ்சு அங்கே திடுக்கிடுகின்றது. அத்திடுக்கீடு வேண்டியதே.

ஸ்கொற்றுக்குப் பின் இத்துறையிற் சிறந்து விளங்குவது றொபேட் லூயி ஸ்ரீவன்சன் 1886இல் வெளியிட்ட ‘கிட்னாப்டு’ என்னும் நூல். இதில் மங்கையர் காதலுக்கு இடமில்லை. டேவிட் பல்பர் என்னும் தாழ்நிலத்து இளைஞனுக்கும் அலன் பிறெக் என்னும் மலைநாட்டு வீரனுக்கும் இடையிலான நட்பே பொருள். ஒருவன் அரசின் கட்சியான்; மற்றவன் நாடிழந்த இளவரசரின் கட்சியான். நூலின் நடுவேயுள்ள கொலை வரலாற்றில் நிகழ்ந்தது. 1752 மே 14ஆம் நாள் அரசின் நிலக்காரியத் தலைவரான கொலின் கம்பெல் சுட்டுக் கொல்லப்பட்டார். யேம்ஸ் ஸ்ரூவட் என்பார் அக்கொலைக்கு உடந்தையென்று விசாரிக்கப்பட்டார். நீதிபதியாய் வீற்றிருந்தவர் கம்பெல் குலத்தலைவரான ஆர்கைல் பிரபு. யூரர் பதினைவருள் பதினொருவர் கம்பெல் குலத்தினர். அவ்வாண்டு நவம்பரில் யேம்ஸ் தூக்கிலிடப்பட்டார். ஸ்ரீவன்சன் அக்கொலையைத் தம் கதைக்காக 1751க்கு மாற்றிக்கொண்டார். ஆண்டு பிழைத்தது, அநீதியின் தன்மை பிழைக்கவில்லை. நாடு கடந்த தலைவனுக்காக ஏழைக் குடிகள் அரசுக்கு ஒரு வாரமும் அவனுக்கு ஒரு வாரமுமாக இரு முறை இறுப்பதை அலன் பெருமையுடன் கூறுகின்றான். கேட்கும் டேவிட் அவர்களின் அன்பை மெச்சுகின்றான். யாமோ அவர்களின் வறுமையையும் எண்ணுகின்றோம்.

நூலின் இன்பம் மிகும் இடம் பல்குவிடர் என்னும் ஊரிலுள்ள வீடொன்றில் நிகழ்வது. றொப் றோயின் மகன் றொபின் ஓய்க்கும் அலனுக்கும் பகை மூள்கின்றது. வாள் உருவ வேண்டிய வேளையில் வீட்டுக்காரர் இடைப்புகுந்து குழலிசைப் போட்டி ஒன்றைத் தூண்டுகின்றார். றொபின் வாசித்து முடித்தபோது, அவனே தன்னிற் சிறந்த கலைஞன் என்று அலன் ஒப்புகின்றான். பகை இசையிற் கரைகின்றது. வரலாற்றில் அந்த றொபின் 1754இல் தூக்கிலிடப்பட்டான் என்பதை அறிந்து படிப்போர்க்கு அவ்விரவின் இசை வேறொரு சுவை தரும்.

இனி, இக்கதைகள் கூறாது விட்டதை நோக்குவோம். ‘வேவர்லி’ அச்சேறுவதற்கு ஒரு மாதம் முன்பு, 1814 யூனில், சதலந்துப் பகுதியின் ஸ்ராத்நேவர் பள்ளத்தாக்கில் குடிகள் தம் நிலத்தினின்றும் வெளியேற்றப்பட்டனர். அந்நிலம் செம்மறியாட்டுப் பண்ணைக்கு வேண்டப்பட்டது. வெளியேற்றியவர் அயல் அரசர் அல்லர். அக்குலத்தின் தலைமைக்கு உரியவரான சதலந்துப் பிரபுவாட்டியின் ஆட்களே. வீடுகளுக்குத் தீயிட்டார் என்ற குற்றச்சாட்டின்பேரில் விசாரிக்கப்பட்ட பற்றிக் செல்லர் 1816இல் விடுதலை பெற்றார். தலைவன் தந்தை, குடிகள் மக்கள் என்ற உறவை ஒரு நூல் உலகெங்கும் பரப்பிய அதே கோடையில், அவ்வுறவு நெருப்பில் எரிந்தது. எட்டாண்டு கழித்து, 1822இல், நான்காம் யோர்ஜ் மன்னர் எடின்பரோவுக்கு வந்தபோது வரவேற்பை வகுத்தவர் ஸ்கொற்றே. மன்னர் மலைநாட்டு உடை தரித்தார். கலொடனில் குலங்களை முறியடித்த கம்பலந்துப் பிரபு இம்மன்னருடைய பாட்டனாரின் தம்பியாவார். தடுக்கப்பட்ட உடை அரசவைக் கோலமாயிற்று. அதனை உடுத்த மக்களோ கடற்கரைக்கும் கப்பலுக்கும் துரத்தப்பட்டுக்கொண்டிருந்தனர். ஒவ்வொரு குலத்துக்கும் தொன்றுதொட்டு ஒவ்வொரு கட்டத்துணி உரியது என்ற நம்பிக்கையும் பெரிதும் அந்நூற்றாண்டில் வேரூன்றியதே.

அண்மைக் காலக் கதைகள் எண்ணிறந்தன. பதின்மூன்றாம் நூற்றாண்டு வீரனுக்கும் கட்டத்துணி உடுத்தி, அவனைச் சினமும் அழகும் மிகுந்தவனாக்கி, சிறைப்பட்ட நங்கையின் அன்பால் அவன் திருந்துவதாக முடிக்கும் மலிவு நூல்கள் மிகப் பல. மேலாடையை மடித்து இடையிற் கட்டும் வழக்கம் பதினாறாம் நூற்றாண்டின் இறுதியிலே தான் தோன்றுகின்றது. ஆயினும் உடைப் பிழையைக் கொண்டு ஒரு கதையை ஒதுக்குதல் தகாது. டயானா கபல்டன் 1991இல் வெளியிட்ட ‘அவுற்லாண்டர்’ இவ்வகையில் எண்ணிப் பார்க்கத்தக்கது. இரண்டாம் உலகப் போரில் தாதியாகப் பணிபுரிந்த கிளயர் என்பாள் 1743ஆம் ஆண்டுக்குள் சென்று விழுகின்றாள். கலொடனில் நிகழவிருப்பதை அவள் முன்னரே அறிவாள். ஆகவே அவள் காணும் ஒவ்வொரு விருந்தின்மீதும் அவ்வழிவின் நிழல் படிகின்றது. ஸ்கொற் மடத்துக்கு அனுப்பிய துணிவுடைய பெண் இங்கே கதையின் நடுவிடத்தில் நின்று தன் வாயாற் பேசுகின்றாள். இஃது உண்மையான முன்னேற்றம். பெண்கள் இத்தகு நூல்களைப் பெரிதும் விரும்புவதை இகழ்வோர் இதனைச் சிந்திப்பாராக.

ஆயினும் இங்கே ஓர் இடரும் உண்டு. காதலர் இருவர் பிழைக்கவேண்டும் என்னும் ஆவல் மிகுமிடத்து, பிழையாத ஆயிரவர் பின்புலத் திரையாகிவிடுவர். கலொடன் வெளியிலே குலப்பெயர் பொறித்த கற்கள் 1881இல் நாட்டப்பட்டன. அவற்றுள் பிறேசர் குலத்தாரின் கல்லை நாடிப் புனைகதை வீரனுக்காக மலர் கொணர்வோர் இன்று உளர். அவர்களை எள்ளுதல் எளிது. ஆயின், கதை அவர்களை அவ்விடம் வரை கொணர்ந்தது. கல்லின் கீழுள்ளோர் பெயரில்லாது கிடப்பவர் என்று அங்கே அவர்கள் உணர்வாராயின் அக்கதை தன் கடனைச் செய்ததாகும். உணராராயின் மீண்டும் உணவறை ஓவியமே மிஞ்சும்.

எனவே இக்கதைகளை அளக்க யாம் வேண்டுவது ஒரேயொரு கோல்: அங்கே ஈவன் டூவுக்கு இடமுண்டா? தலைவனின் வாளையும் தலைவியின் கண்ணையும் பாடிய பின், வாரம் இறுத்தவனுக்கும் கொட்டில் எரிந்தவளுக்கும் ஒரு பக்கமாவது உண்டா? உண்டெனின் காலப் பிழைகளைப் பொறுக்கலாம், மனமாரச் சுவைக்கலாம். இல்லையெனின், எத்துணைச் செப்பமாக உடையும் படையும் வருணிக்கப்படினும் அது பிறர் துயரில் வேடிக்கை பார்த்ததாகவே முடியும். எம் மாணவர் முதலில் ‘கிட்னாப்டு’ நூலையும், பின் ‘வேவர்லி’யையும் படிப்பாராக. ‘வேவர்லி’யின் தொடக்க இயல்கள் மெல்ல நகர்வன, பொறுமை வேண்டும். நீதிமன்றக் காட்சியை அடைந்தோர் அப்பொறுமைக்கு வருந்தார்.