காரிதமும் இறந்தகாலமும்: கேரளபாணினீயத்தின் வினைப்பகுப்பு, மொழி பயில்வோர் நோக்கில்

திருவனந்தபுரம் மகாராஜா கல்லூரியில் பேராசிரியராக விளங்கிய ஏ.ஆர். ராஜராஜவர்மா 1896இல் வெளியிட்டு, 1917இல் திருத்தி விரித்த 'கேரளபாணினீயம்' மலையாள வினைகளைக் காரிதம், அகாரிதம் என இரண்டாகப் பகுக்கிறது. நிகழ்காலத்தில் 'க்கு' பெறுவது காரிதம் (ஒடிக்குன்னு). பெறாதது அகாரிதம் (ஒடியுன்னு). ஒடிக்கிறான், ஒடிகிறது என வேறுபடுத்தும் தமிழர்க்கு இது புதிதன்று.

பயில்வோர்க்குரிய பகுப்பின் தகுதி, அது எதனை முன்னறிவிக்கிறது என்பதைப் பொறுத்தது. ஜார்ஜிய மொழியைக் கற்பிக்கும் இலக்கணங்கள் வினைகளை நான்கு வகுப்புகளாக்குதல் வழக்கம். அவற்றுள் மூன்றாம் வகுப்பினவற்றுள் பல செயப்படுபொருள் குன்றியவை. ஆயினும் இறந்தகாலத்தில் அவற்றின் எழுவாய், முதல் வகுப்பின் எழுவாயைப் போன்றே தனியுருபு ஏற்கிறது. பொருளால் அறியவியலாத இதனை வகுப்பெண் அறிவித்துவிடுகிறது.

காரிதம் என்னும் பெயர் அத்தகைய உதவி செய்வதில்லை. படிக்குன்னு, நடக்குன்னு இரண்டும் காரிதமே. இறந்தகாலமோ படிச்சு, நடன்னு என வேறுபடுகிறது. (ஏவற்பகுதிகளை ஈற்றெழுத்தால் 23 ஆக நிறுத்திய நன்னூலிலும் இக்குறை உண்டு: நட, மடி என்பவற்றின் ஈறு அறிந்தும் இறந்தகாலம் அறியப்படாது.) சென்னைப் பல்கலைக்கழகத் தமிழ்ப் பேரகராதி வினைதோறும் வகுப்பெண் இட்டது இவ்விடர் தீர்க்கவே எனலாம். தமிழ் அறிந்தோர்க்கு மேலும் எளிய வழி உண்டு. படித்தான் என்பதன் தகரம் இரட்டித்தவழி மலையாளத்தில் த்து அல்லது ச்சு வரும். நடந்தான், அறிந்தான் என மெலி வந்தவழி நடன்னு, அறிஞ்ஞு என வரும். சில விலக்குகள் நீங்கலாக இது பெரிதும் பொருந்தும்.

மொழிபெயர்ப்பாளர் இடறுவது வேறிடத்தில். மலையாள முற்றுவினை பால் காட்டும் விகுதியை இழந்துவிட்டது. ராஜராஜவர்மா இதனைப் 'புருஷபேத நிராசம்' என்றார். ஆகவே 'கொடுத்து' என்பது 'கொடுத்தான்' எனவும் பொருள்படும். முற்றாயின் ஈற்றுகரம் முழுமையாக ஒலிக்கும், எச்சமாயின் குறுகும். மலையாள எழுத்து அக்குறுக்கத்தைச் சந்திரக்கலையால் காட்டும். தமிழெழுத்தில் பெயர்த்தெழுதினால் வேறுபாடு மறைந்துவிடும். 'இ' ஏற்கும் வினைகட்கு அவ்வுதவியும் இல்லை. 'குட்டி ஓடி' என்பது குழந்தை ஓடியதைக் கூறும் முழுத்தொடர். 'குட்டி ஓடி வன்னு' என்பதில் அதே 'ஓடி' எச்சம். தமிழ்ச்செவிக்கு இரண்டும் எச்சமாகவே படும். முற்று எச்சமாகப் பெயர்க்கப்பட்டு, இரு வாக்கியங்கள் ஒன்றாகிவிடும்.

எனவே தமிழர்க்கென எழுதப்படும் மலையாளப் பாடநூலில் முதற்பகுப்பு, 'து' ஏற்பன, 'இ' ஏற்பன என இறந்தகாலம் பற்றியே அமைதல் தகும். இவ்விரண்டும் கேரளபாணினீயத்திலேயே உள்ளன. காரிதப் பகுப்பை அதன்பின் வைப்பினும் இழுக்கில்லை.