பஞ்சின் முன்னே பல்லியின் கால்

திருப்பூர் காதர்பேட்டையில் மலிவு விலைக்கு வரும் டி-ஷர்ட்டுகளில், அச்சில் ஒரு நிறம் இன்னொன்றின் மேல் சரியாக உட்காராததாலேயே செக்கிங்கில் கழிக்கப்பட்டவை உண்டு. தைப்பதற்கு முன் கட்டிங் பீஸை பிரிண்டிங் டேபிளில் கம் போட்டு ஒட்டி, நிறத்துக்கு ஒரு ஸ்கிரீனாக இழுக்கிறார்கள். கடைசி நிறம் முடியும்வரை பீஸ் இம்மியும் நகரக் கூடாது. முடிந்ததும் நீளாமல், பின்பக்கம் பசை ஏறாமல் கையோடு வந்துவிட வேண்டும். பின்னல் துணிக்கு இந்த இரண்டாம் நிபந்தனைதான் கடினமானது. நெய்த துணி தாங்கிக்கொள்ளும் இழுப்பில் சிங்கிள் ஜெர்சிப் பின்னல் நீண்டுவிடும், ஓரம் சுருளும். டேபிளில் பஞ்சு படியப் படிய பிடிப்பும் குறைகிறது. மறுபடி சுத்தம் செய்து கம் போட வேண்டும்.

வேண்டியபோது ஒட்டி, வேண்டாதபோது விடும் ஸ்மார்ட் பசைகளை எடைபோட இந்த டேபிளைவிட நல்ல இடம் இல்லை. உயிரினங்களைப் பார்த்து அவற்றை வடிவமைப்பவர்கள் அரிய வேலை செய்திருக்கிறார்கள். ஆனால் அவர்கள் அதிகம் அளந்தது ஒட்டும் பலத்தை, அதுவும் கண்ணாடி போன்ற வழவழப்பான பரப்பில்.

2000-இல் கெல்லர் ஆட்டம் குழுவினர் ‘நேச்சர்’ இதழில் பல்லிக் காலின் பலத்தை அளந்து காட்டினார்கள். டோக்கே பல்லியின் ஒரு காலில் ஏறக்குறைய 5 லட்சம் நுண்மயிர்கள். ஒவ்வொரு மயிரும் சுமார் 200 மைக்ரோநியூட்டன் தாங்குகிறது. மயிரின் நுனி 200 நானோமீட்டர் அகலமுள்ள தகடுகளாகப் பிரிந்து சுவரை நெருங்குவதால், மூலக்கூறுகளுக்கு இடையிலான வான் டெர் வால்ஸ் ஈர்ப்பே போதுமானதாகிறது. பலத்தைவிட அது விடுபடும் விதம்தான் எனக்கு முக்கியமாகப் படுகிறது. மயிர்த்தண்டின் கோணம் 30 பாகையைத் தாண்டினால் பிடி அறுந்துவிடுகிறது. வெப்பம் வேண்டாம், கரைப்பான் வேண்டாம்.

நொய்யல் ஆற்றின் மாசுக்காக 2011 ஜனவரியில் சாயப்பட்டறைகளை மூடும்படி சென்னை உயர் நீதிமன்றம் உத்தரவிட்ட ஊர் இது. இங்கே ஈரமில்லாத பிடிப்பு என்பது பெரிய தகுதி. ஈரத்திலேயே ஒட்டவைக்கும் முயற்சியும் உண்டு. 2007-இல் நார்த்வெஸ்டர்ன் பல்கலைக்கழகத்தில் மெஸ்ஸர்ஸ்மித் குழு, பல்லி மயிர் போன்ற நுண்தூண்கள் மேல் சிப்பியின் பசையை ஒத்த பூச்சைத் தடவி நீருக்குள்ளும் ஒட்ட வைத்தது. ஆயிரம் தடவைக்கு மேல் அதன் பிடிப்பு நின்றது. மருத்துவத்துக்கு அது வரம். துணிக்கு வரும்போதோ, பூச்சில் சிறிது பீஸோடு போனாலும் அது சலவை நீரில்தான் சேரும் என்பதை மறக்க முடியாது.

செயற்கை நுண்மயிர்கள் பலவற்றின் பெரிய குறை, பிடிப்பு நீடிக்காததுதான். 2003-இல் மான்செஸ்டரில் ஆந்த்ரே கெய்ம் குழு செய்த பல்லி டேப், ஒரு சதுர சென்டிமீட்டரில் 3 நியூட்டன் தாங்கியது. சில தடவைகளிலேயே தூண்கள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ள, அது பிடிப்பை இழந்தது. அமெரிக்காவின் ஆக்ரன் பல்கலைக்கழகத்தில் அலி தினோஜ்வாலா குழு 2008-இல் தூசியைத் தானே உதிர்க்கும் கார்பன் நுண்குழாய்ப் பரப்பைக் காட்டியது. ஆனால் பனியன் கம்பெனியின் அழுக்கு தூசித் துகள் மட்டுமல்ல, பஞ்சு. பருத்தி இழை சென்டிமீட்டர் கணக்கில் நீளும். தூண்களின் ஊடே அது படுத்துவிட்டால் உதிருமா என்பது சந்தேகம். துணியிலோ கண்ணிகளுக்கு நடுவே இடைவெளிகள். நெருங்குவதற்கே பரப்பு குறைவு.

துணியோடு உண்மையில் ஒத்துப்போனது வெல்க்ரோ ஒன்றுதான். சுவிட்சர்லாந்தின் ஜார்ஜ் டி மெஸ்ட்ரால், நாய் மயிரில் ஒட்டிய முள்காய்களைப் பார்த்து உருவாக்கி, 1955-இல் காப்புரிமை பெற்றது. நம் ஊர் நாயுருவி வேட்டி ஓரத்தில் ஒட்டுவதும் ஏறக்குறைய அதே வழியில்தான். கொக்கி கண்ணியைப் பிடிப்பதால் அது வென்றது. அதே கொக்கி பனியன் துணியின் கண்ணியில் மாட்டினால் நூல் இழுத்துவிடும்.

எனக்கு நம்பிக்கை தருவது கான்பூர் ஐஐடியின் வேலை. அபிஜித் மஜும்தார், அனிமங்க்ஷு கட்டக், அசுதோஷ் சர்மா மூவரும் 2007-இல் ‘சயின்ஸ்’ இதழில் வெளியிட்டது. மீள்தன்மையுள்ள படலத்துக்குள்ளே காற்றோ எண்ணெயோ நிரம்பிய நுண்வாய்க்கால்கள். ஓரத்தில் தொடங்கும் பிரிவு வாய்க்காலை எட்டும்போது தடைப்பட்டு நிற்கிறது. பிடிப்பு சுமார் 30 மடங்கு கூடியது. மயிர் எல்லாம் கிடையாது, அமைப்பு முழுவதும் உள்ளேதான். மேல்பரப்பு வழவழப்பாக இருந்தால் பஞ்சைத் துடைத்துவிடலாம் என்பதே திருப்பூருக்கு அதன் பெருமை. பிடிப்பைக் கூட்டினால் மட்டும் நம் வேலை முடியாது. பீஸை எடுக்கும் நேரத்தில் அது குறையவும் வேண்டும்.

பசையே வேண்டாம் என்று போனவர்களும் உண்டு. 2016-இல் அமெரிக்காவின் சோபோ நிறுவனம், நீரில் கரையும் பாலிமரால் துணியை அட்டைபோல விறைப்பாக்கி ரோபோவைத் தைக்க வைத்தது. கெட்டிக்காரத்தனம்தான், ஆனால் தைத்தபின் அத்தனையையும் அலசியாக வேண்டும். கழிவுநீரைச் சொட்டுக்கூட வெளியே விடக் கூடாத ஊருக்கு அது பொருந்தாது.

கோவையில் சிட்ரா போன்ற ஜவுளி ஆய்வு மையம் கைக்கெட்டும் தூரத்தில் இருக்கும்போது, இந்த ஸ்மார்ட் பசைப் படலங்களைக் கண்ணாடியில் அல்லாமல் பஞ்சு பறக்கும் பிரிண்டிங் டேபிளிலேயே, மழைக்கால ஈரத்திலும் சோதிக்க வேண்டும். அதில் பலத்துக்கான மதிப்பெண்ணை நான் கடைசியில்தான் வைப்பேன். முதலில் அளக்க வேண்டியவை, பத்தாயிரமாவது பீஸைத் தூக்கும்போது துணி எவ்வளவு நீள்கிறது, பின்பக்கம் என்ன தங்குகிறது, படலத்தைத் துடைக்க எவ்வளவு தண்ணீர் போகிறது என்பவை.