மலையை நகர்த்தும் ஆட்டம்

வயலும் வாவியும் மணலுமாய்க் கிடக்கிற மட்டக்களப்பில் உயரம் பார்க்க மேற்கே குடும்பிமலைக்குத்தான் போக வேண்டும். ஆனாலும் படுவான்கரையில் வருடத்துக்கொரு முறை ஊரே கூடி ஒரு மலையை இழுக்கிறது. கொக்கட்டிச்சோலை தான்தோன்றீஸ்வரர் கோயில் தேர்தான் அந்த மலை.

கோயில் விமானத்தை மேருவாகக் கண்டது நம் மரபு. தஞ்சைப் பெரிய கோயிலுக்குத் தட்சிணமேரு என்றே பெயருண்டு. அந்த மேருவுக்குச் சில்லுப் பூட்டினால் தேர். தச்சர் உளியைக் கீழே வைத்த பிறகும் இந்தச் சிற்பம் பாதியில்தான் நிற்கிறது. மீதி வடம் பிடிப்பவர் கையில்.

இதை ஓர் ஆட்டமாக அலசினால், முடிவைத் தீர்மானிப்பது முதல் இழுப்பு. நிற்கும் தேரை அசைக்கத்தான் பலம் அதிகம் வேண்டும். உருளத் தொடங்கிவிட்டால் அவ்வளவு தேவையில்லை. ஆட்கள் கூடினால் மட்டும் போதுமா? பிரெஞ்சு வேளாண் பொறியியலாளர் ரிங்கல்மான் 1913இல் வெளியிட்ட கயிறிழுப்புச் சோதனைகள் வேறு கணக்குச் சொல்கின்றன. எட்டுப் பேர் சேர்ந்து இழுக்கும்போது, ஒருவர் தனியாக இழுக்கும் பலத்தில் ஏறக்குறைய பாதிதான் ஆளுக்கு ஆள் வெளிப்பட்டது. ஒரே கணத்தில் எல்லோரும் இழுக்காததே இதற்கு முக்கிய காரணம் என்று அவர் கருதினார். பறையும் “அரோகரா”வும் தேரில் செய்யும் வேலை இங்கேதான் தெரிகிறது. சத்தம் எழும் கணத்தில் நூற்றுக்கணக்கான முதுகுகள் ஒன்றாகச் சாய்கின்றன, வடம் விறைக்கிறது, சில்லு முனகி ஒரு சாண் நகர்கிறது.

இந்த மண்ணுக்கு வடம் புதிதல்ல. கண்ணகி வழிபாட்டோடு வந்த கொம்புமுறியில் வடசேரியும் தென்சேரியும் வளைந்த இரு மரக்கொம்புகளைக் கொக்கிபோல மாட்டி வடம் கட்டி இழுக்கும். எவர் கொம்பு முறிகிறதோ அவருக்குத் தோல்வி. சிங்கள ஊர்களில் பத்தினிக்காக ஆடும் அங்கெலியவும் இதே ஆட்டம்தான். கொம்புக்கு மரம் தெரிவதிலும் அதைப் பூட்டுவதிலும் பாதி வெற்றி இருக்கிறது. தோள்பலத்தை மட்டும் நம்பிய சேரி கரையேறாது.

பெரு நாட்டில் 2002 ஏப்ரல் 11 அன்று பெல்ஜியக் கலைஞர் பிரான்சிஸ் அலீஸ் இதேபோல ஓர் ஆட்டம் நடத்தினார். லிமா நகருக்கு வெளியே, வென்டனில்லாவில், 500 தொண்டர்கள் மண்வெட்டியோடு வரிசை கட்டி ஒரு மணற்குன்றின் மேல் ஏறி இறங்கினார்கள். குன்று நகர்ந்தது சுமார் 10 சென்டிமீட்டர். அலீஸின் கணக்கில் பெருமுயற்சிக்குச் சிறுபலனே போதும். தேரின் கணக்கு அதையும் மிஞ்சுகிறது. வீதி சுற்றிப் புறப்பட்ட இடத்துக்கே திரும்புவதால் இடப்பெயர்ச்சி பூச்சியம். ஆனாலும் அடுத்த வருடம் வடம் பிடிக்க ஆட்கள் முண்டியடிக்கிறார்கள்.

திருவாரூர் ஆழித்தேர் 96 அடி உயரம், 300 டன் எடை. முன்னே ஆயிரக்கணக்கானோர் இழுக்கப் பின்னே புல்டோசர் தள்ளுகிறது. நிறுத்துவதற்குத் திருச்சி பெல் நிறுவனத்தின் ஹைட்ராலிக் பிரேக். அந்த எடைக்கு இயந்திரம் வேண்டியதுதான். கைப்பலத்தில் ஓடும் தேருக்கோ பிரேக்கும் மனிதனே. உருளும் சில்லுக்குக் கீழே முட்டுக்கட்டை செருகித் தேரைத் திருப்புபவர் அரைக் கணம் பிந்தினால் கால் போய்விடும். கமெராக்கள் வடத்தையே சுற்றுகின்றன. இந்த ஆட்டத்தின் சிறந்த வீரர் விருது கட்டை போடுபவருக்கே போக வேண்டும்.