லாரி இன்ஜினும் படகு இன்ஜினும் ஒண்ணுதானா?

குத்துக்கல்வலசை பக்கம் லாரி பட்டறையில் ஒரு வாதம் அடிக்கடி கேட்கும். "மரைன் இன்ஜின்னு தனியா ஒண்ணும் கெடையாதுவே. லாரி இன்ஜினுக்கு வேற பெயின்ட் அடிச்சு ரெண்டு மடங்கு வெலைக்கு விக்கான்." போன மாதம் இது வெறும் பேச்சாக இல்லை. கொல்லத்தில் இருக்கும் உறவுக்காரர் ஒருவர், அஷ்டமுடிக் காயலில் சுற்றுலாப் பயணிகளை ஏற்றிப்போக ஒரு வேகப்படகு செய்கிறார். அதற்கு, கழற்றிய டர்போ டீசல் லாரி இன்ஜின் ஒன்று கிடைக்குமா என்று கேட்டு வந்திருந்தார். அதனால் இந்த வாதத்தைக் கொஞ்சம் பிரித்துப் பார்க்கலாம் என்று தோன்றியது.

முதலில் அதில் உள்ள உண்மை. டீசல் படகு இன்ஜின்களில் பெரும்பாலானவை லாரி, டிராக்டர், ஜெனரேட்டர் இன்ஜின்களின் உடன்பிறப்புகள்தான். வால்வோவின் 13 லிட்டர் லாரி இன்ஜின்தான் வால்வோ பென்டா என்ற பெயரில் கடலுக்கும் போகிறது. நம்மூர் விசைப்படகுகளில் அசோக் லேலண்ட் இன்ஜின் பல வருஷமாக ஓடுகிறது. ஆகவே "லாரி இன்ஜின் தண்ணீரில் ஓடாது" என்று சொல்பவரும் தப்புதான்.

ஆனால் இந்தக் கணக்கைப் பாருங்கள். கம்மின்ஸின் 5.9 லிட்டர், 6 சிலிண்டர் டர்போ டீசல் 1989-ல் அமெரிக்க டாட்ஜ் பிக்கப்பில் வந்தபோது 160 குதிரைசக்தி. அதே குடும்பத்து இன்ஜின் படகுக்குப் போனபோது 370 வரை ஏறியது. எப்படி? டர்போ அழுத்திச் சூடாக்கிய காற்றைக் கடல் தண்ணீர் குளிர வைக்கிறது. பிஸ்டன், இன்ஜெக்டர், பம்ப் எல்லாம் வேறு. அதோடு ஒரு நிபந்தனையும் உண்டு: இந்த ரேட்டிங்கில் எட்டு மணி நேரத்துக்கு ஒரு மணி நேரம்தான் முழு வேகம், வருஷத்துக்கு 500 மணி நேரத்துக்குள் ஓட்டம். பெயின்ட் மட்டும்தான் வேறு என்றால் இந்த நிபந்தனை எதற்கு?

பட்டறை அண்ணாச்சி இதை ஒரே வரியில் சொன்னார்: "புளியரை எஸ் வளைவுல லாரி திணறும், ஏறி முடிச்சா மூச்சு வாங்கிக்கிடும். படகுக்கு எறக்கமே கெடையாதுல்லா." அதேதான். வேகப்படகு எப்போதும் மேடு ஏறிக்கொண்டே இருக்கிறது. லாரியில் திணறினால் கியரைக் குறைக்கலாம். படகில் முன்னால் போக ஒரே கியர்தான். புரொப்பல்லர் கேட்கும் சக்தி, சுற்றின் மும்மடியாக ஏறும். 80 சதவீதச் சுற்றில் ஏறக்குறைய பாதிச் சக்தி போதும். கடைசி 20 சதவீதத்துக்கு மீதிப் பாதி. புரொப்பல்லர் அளவு கொஞ்சம் பெரிதாகிவிட்டால் இன்ஜின் தன் முழுச் சுற்றை எட்டவே எட்டாது. கறுப்புப் புகை வரும், எக்ஸாஸ்ட் சூடு ஏறும், வால்வும் பிஸ்டனும் போகும். அப்போது குறை சொல்வது இன்ஜினை!

அப்புறம், ரேடியேட்டர் இல்லை. ஹீட் எக்ஸ்சேஞ்சர் வேண்டும், உப்புத் தண்ணீரை இழுக்கும் தனி பம்ப் வேண்டும், அரிப்பைத் தாங்கும் துத்தநாகக் கட்டை வேண்டும். லாரியில் டர்போ காற்றோட்டத்தில் இருக்கிறது. படகில் அது மூடிய பெட்டிக்குள், ஃபைபருக்குப் பக்கத்தில். தண்ணீர் சுற்றும் மெனிஃபோல்டு இல்லாமல் அதை உள்ளே வைப்பது அடுப்பை வைப்பது மாதிரி. எக்ஸாஸ்டில் தண்ணீர் கலக்கும் இடம் தப்பான உயரத்தில் அமைந்தால், தண்ணீர் திரும்பி இன்ஜினுக்குள்ளேயே வந்துவிடும். இதெல்லாம் சேர்த்தால் "மலிவு" என்ற வார்த்தை அங்கேயே பாதி கரைந்துவிடும்.

விசைப்படகில் எடுபட்டது இங்கே ஏன் எடுபடாது என்றால், அது கனமான படகு, மெதுவாகப் போகும், எடையைப் பற்றிக் கவலை இல்லை. வேகப்படகு தண்ணீர் மேல் எழும்பி ஓட வேண்டும். 200 குதிரைசக்தி அவுட்போர்டு கால் டன்னுக்கும் குறைவு. மேலே சொன்ன மாதிரி லாரி இன்ஜின் கியர்பாக்ஸோடு அரை டன்னைத் தாண்டும். அந்த எடை எங்கே உட்காருகிறது என்பது இன்ஜின் பிரச்சினை மட்டுமல்ல, படகு கவிழுமா கவிழாதா என்ற பிரச்சினை.

2023 மே 7 அன்று தானூரில் சுற்றுலாப் படகு கவிழ்ந்து 22 பேர் இறந்தார்கள். அது மீன்பிடிப் படகை மாற்றிச் செய்தது, அளவுக்கு மீறி ஆள் ஏற்றியது என்று செய்திகள் வந்தன. அங்கே குற்றவாளி இன்ஜின் இல்லை. ஆனால் "ஒண்ணை இன்னொண்ணா மாத்திக்கலாம், என்ன ஆகிடப்போகுது" என்ற மனசு ஒன்றேதான்.

என் தீர்ப்பு இது. தனக்கென்று, மெதுவான படகு, நல்ல மரைன் கிட், சரியான புரொப்பல்லர் என்றால் லாரி இன்ஜின் நல்ல யோசனையே. டிக்கெட் போட்டு அடுத்தவர் பிள்ளைகளை ஏற்றும் வேகப்படகு என்றால், படகு வடிவமைப்பாளர் எடையைக் கணக்குப் போட்டு, முழுப் பாரத்தில் இன்ஜின் முழுச் சுற்றை எட்டுகிறதா என்று சோதித்து, ஆய்வுச் சான்றிதழ் வாங்காமல் தொடவே கூடாது.

உறவுக்காரர் இன்ஜின் வாங்காமல்தான் ஊர் திரும்பினார். அண்ணாச்சிக்கு ஒரு வியாபாரம் போச்சு. அதற்காக அவர் வருத்தப்பட்ட மாதிரி தெரியவில்லை.