சொல்லாத சுமை

தனியாகப் பிரயாணம் போகிறவனுக்கு ஒரு வசதி உண்டு. யாருக்கும் பதில் சொல்ல வேண்டியதில்லை. ஆனால் போய் வந்ததைப் புத்தகமாக எழுத உட்கார்ந்தால் அந்த வசதியே தொல்லையாகிவிடுகிறது. இரண்டு பேர் மலையேறினால் வழியில் சண்டை வரும், சமாதானம் வரும். கதை தானாக நடக்கும். ஒருவன் மட்டும் ஏறினால் மேடு, பள்ளம், பசி, மழை, தூக்கம் என்று நாலைந்து விஷயங்களே மாறி மாறி வரும். இந்த வகைப் புத்தகங்களில் பெரும்பாலானவை, எத்தனை மைல், எங்கே பஞ்சர், எந்த விடுதியில் என்ன ரொட்டி என்ற கணக்கிலேயே செத்துப் போகின்றன.

சாகாமல் நிற்கும் இரண்டைப் பற்றி இங்கே சொல்ல விரும்புகிறேன். ஒன்று, அயர்லாந்துக்காரியான டெர்வ்லா மர்ஃபி 1965ல் வெளியிட்ட ‘ஃபுல் டில்ட்’. அயர்லாந்திலிருந்து இந்தியாவுக்குத் தனியாகச் சைக்கிளில் வந்த கதை அது. மற்றொன்று ராபர்ட் லூயி ஸ்டீவன்ஸன் 1879ல் வெளியிட்ட ‘டிராவல்ஸ் வித் எ டாங்கி’. அதில் சைக்கிள் இல்லை, கழுதைதான். ஆனாலும் மலைநாட்டில் படுக்கையைக் கூடவே எடுத்துக்கொண்டு தனியாகச் சுற்றுகிறவர்கள் படுகிற பாடு அத்தனையும் அதில் முன்னாலேயே வந்துவிட்டது.

பிரான்ஸ் தேசத்துச் செவென் மலைகளில், 1878 செப்டம்பர் கடைசியில் தொடங்கிப் பன்னிரண்டு நாள், சுமார் 120 மைல். அவ்வளவுதான் ஸ்டீவன்ஸனின் யாத்திரை. கூடாரம் அடிப்பது தொல்லை, வழிப்போக்கர் கண்ணிலும் படும் என்று யோசித்து, ஆட்டுத்தோல் உள்வைத்துத் தைத்த ஒரு பெரிய தூங்கும் பையைச் செய்துகொண்டார். அதைச் சுமக்க அறுபத்தைந்து பிராங்குக்கும் ஒரு கிளாஸ் பிராந்திக்கும் மோடஸ்டீன் என்ற பெண் கழுதையை வாங்கினார். கட்டிய மூட்டை சரிகிறது. கழுதை நகர மறுக்கிறது. கடைசியில் பாலுக்கென்று கொண்டுவந்த காலிப் புட்டி, ஆட்டுக்கறி, முட்டை அடிக்கும் கருவி என்று ஒவ்வொன்றாகத் தூக்கி எறிகிறார். கேரியரில் மூட்டை கட்டிக்கொண்டு மலைப்பாதையில் சைக்கிள் தள்ளிய எவரும் இந்தப் பக்கங்களைச் சிரிக்காமல் படிக்க முடியாது.

டெர்வ்லா மர்ஃபி புறப்படுவதற்கு முன்பே எறிந்துவிடுகிறார். ஆசிய ரோடுகளைத் தாங்காது என்று தம் சைக்கிளிலிருந்த கியரைக் கழற்றிவிட்டார். சைக்கிளுக்கு ரோஸ் என்று பெயர். டான் க்விக்ஸாட்டின் குதிரையான ரோஸினான்டியின் சுருக்கம். 1963 ஜனவரி 14ந் தேதி, ஐரோப்பா முழுவதும் பனியில் உறைந்து கிடந்த குளிர்காலத்தில், டன்கர்க்கிலிருந்து கிளம்பினார். யூகோஸ்லாவியாவில் ஓநாய்கள் மேலே பாய்ந்தன. கைத்துப்பாக்கியால் சுட்டுத் தப்பினார். ஆப்கானிஸ்தானில் ஒரு பஸ்ஸுக்குள் நடந்த சண்டையில் துப்பாக்கிக் கட்டை பட்டு விலா எலும்புகள் முறிந்தன. பிறகு ஹிந்துகுஷ் மலை, கில்கித், பதின்மூவாயிரம் அடிக்கு மேற்பட்ட பாபுஸார் கணவாய். அங்கே ரோஸ் அவரைச் சுமக்கவில்லை. பனியில் அவர்தான் ரோஸைச் சுமந்தார். ஜூலையில் டில்லி வந்து சேர்ந்தார்.

இரண்டு ஆசிரியர்களும் ஒரே தந்திரத்தைக் கையாண்டிருப்பதைக் கவனிக்கலாம். பேச ஆளில்லாத குறையைத் தீர்க்க ஒருவர் கழுதையையும் மற்றவர் சைக்கிளையும் பாத்திரமாக்கிவிட்டார்கள். நாவல் எழுதுகிறவனுக்கு இது பழக்கமான விஷயம். ஆனால் இத்துடன் நின்றிருந்தால் இரண்டும் வெறும் சாமர்த்தியமான புத்தகங்களாக முடிந்திருக்கும்.

ஸ்டீவன்ஸன் செவென் மலைக்குப் போவதற்குச் சற்று முன்னால், அவர் காதலித்த அமெரிக்கப் பெண் ஃபானி, தன் கணவன் இருந்த கலிபோர்னியாவுக்குத் திரும்பிப் போய்விட்டாள். திரும்பி வருவாளா என்று அவருக்குத் தெரியாது. புத்தகத்தில் அவள் பெயர் எங்கும் இல்லை. ஆனால், அடி வாங்கும் கழுதையின் முகத்தில் தமக்குத் தெரிந்த ஒரு பெண்ணின் சாயல் தெரிந்ததாக ஓரிடத்தில் எழுதிவிட்டு, சட்டென்று நகர்ந்துவிடுகிறார். பைன் மரங்களுக்கிடையே வானத்தைப் பார்த்துப் படுத்திருக்கும் இரவில், சுகத்தின் உச்சியில், பக்கத்தில் ஒருத்தி பேசாமல் இருந்தால் எப்படியிருக்கும் என்று ஏங்குகிறார். காலையில், படுக்க இடம் கொடுத்ததற்கு வாடகையாகப் புல்லில் காசுகளை வைத்துவிட்டுப் போகிறார். அந்த அத்தியாயம் மட்டும் போதும், புத்தகம் நிற்க. பின்பகுதியில் காமிஸார் கலகத்தின் சரித்திரம் அளவுக்கு மீறி வருகிறது. அங்கே நடை தளர்கிறது என்பதையும் சொல்லத்தான் வேண்டும். முப்பத்தைந்து பிராங்குக்குக் கழுதையை விற்றுவிட்டு வண்டியில் அழும்போது, அவர் எதற்காக அழுகிறார் என்று நமக்குத் தெரிந்துவிடுகிறது.

‘ஃபுல் டில்ட்’டை முதலில் படித்தபோது இப்படி ஒரு கசிவு இல்லையே என்று எனக்குக் குறையாக இருந்தது. தைரியம் இருக்கிறது, நகைச்சுவை இருக்கிறது. உள்ளே நோவு என்று எதுவும் இல்லாத பெண்ணாக இருக்கிறாளே என்று எண்ணினேன். டயரி உருவத்தில் இருப்பதால் சில நாட்கள் ஒன்றுபோலவே வருகின்றன. நவீன வசதி எட்டிப் பார்க்காத ஊரைக் கண்டால் அவருக்கு வரும் பரவசம் எனக்கு ஒப்புதல் இல்லை. அந்த வசதியின்மை வழிப்போக்கருக்கு அழகு, ஊர்க்காரருக்குக் கஷ்டம். இவற்றையெல்லாம் கூட்டிப் பார்த்து, விறுவிறுப்பான புத்தகம், ஆழமில்லாத புத்தகம் என்று தீர்ப்பு எழுதி வைத்திருந்தேன்.

அந்தத் தீர்ப்பு தவறு. 1979ல் அவர் வெளியிட்ட ‘வீல்ஸ் விதின் வீல்ஸ்’ என்ற சுயசரிதை அதை எனக்குக் காட்டியது. பத்தாவது பிறந்த நாளுக்குச் சைக்கிளும் தேசப்படப் புத்தகமும் கிடைத்தன. லிஸ்மோர் ஊருக்கு அருகில் ஒரு செங்குத்தான மேட்டில் மிதிக்கும்போது இந்தியாவுக்குப் போவதென்று தீர்மானித்தாள் அந்தச் சிறுமி. இது முதல் புத்தகத்திலேயே இருக்கிறது. புறப்பட்டபோது வயது முப்பத்தொன்று. நடுவில் என்ன நடந்தது? பதினாலு வயதில் பள்ளிக்கூடம் நின்றது. மூட்டுவாதத்தில் முடங்கிய தாயாருக்குப் பதினாறு ஆண்டு பணிவிடை. தகப்பனார் 1961ல் போனார், தாயார் 1962ல். அடுத்த ஜனவரியில் சைக்கிள் கிளம்பிவிட்டது. இந்த விஷயத்தை எழுத அதற்குப்பின் மேலும் பதினாறு ஆண்டுகள் ஆயின.

இதைத் தெரிந்துகொண்டு ‘ஃபுல் டில்ட்’டைத் திரும்ப எடுத்தால் வேறு புத்தகமாக இருக்கிறது. பனியிலும் வெயிலிலும் அவர் காட்டும் சந்தோஷம் கவலையற்றவளின் சந்தோஷமல்ல. பதினாறு வருஷம் ஒரு படுக்கையின் ஓசைக்குக் காது கொடுத்தவள், யாருக்கும் பதில் சொல்லாமல் ஒரு மேட்டை ஏறுகிற சந்தோஷம். பாபுஸாரில் சைக்கிளைத் தூக்கி நடப்பவளைப் பார்க்கும்போது, தூக்கி நடப்பது இவளுக்குப் புதிதல்ல என்று தோன்றுகிறது.

ஆனாலும் விமரிசகன் என்ற முறையில் ஒரு சங்கடம் பாக்கியிருக்கிறது. இன்னொரு புத்தகத்தைப் படித்தால்தான் ஒரு புத்தகம் முழுமையாகும் என்றால் அது குறைதானே? குறைதான். ஸ்டீவன்ஸன் வேண்டிய அளவு கசிய விட்டார், கலைஞர். டெர்வ்லா மர்ஃபி கசிய விடவில்லை. அப்போது அவரால் முடியவில்லை என்றே நினைக்கிறேன். கலை என்று பார்த்தால் முதலிடம் கழுதைக்குத்தான். ஆனால் இரவில் எடுத்துப் படிக்க என் கை போவது சைக்கிளிடம்.

அவர் 2022ல், தொண்ணூறாவது வயதில், பிறந்த ஊரான லிஸ்மோரிலேயே காலமானார்.